மாரன் வந்தானா, வரவில்லையா?

வைகாசி விசாகத்தன்று சாயங்காலம் எங்கள் தெரு முக்கில் இருக்கிற அரசமரத்து மேடையில் உட்கார்ந்திருந்தேன். சின்னாளப்பட்டியில் அந்த நேரத்துக்கு முன்பெல்லாம் தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். இப்போது ஒன்றிரண்டு வீட்டில்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பேரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். செல்போனில் தியானம் சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்று வைத்திருக்கிறானாம். தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருகிறானாம். நல்ல பழக்கம்தான் என்றேன். அன்றைக்குப் புத்தர் பிறந்த நாள் என்று பேச்சு வந்தது. அரசமரத்தடியில் இருந்துகொண்டு அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மாரன் படை திரட்டிக்கொண்டு வந்ததையும், சித்தார்த்தர் தரையைத் தொட்டுப் பூமியைச் சாட்சிக்கு அழைத்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே மடக்கிவிட்டான்.

"தாத்தா, மாரன்னு ஒருத்தன் கிடையாது. அது நம்ம மனசுதான். யானை, பாம்பு, பூமாதேவி எல்லாமே சிம்பாலிக். அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரியணும்னு கதையாச் சொல்லி வச்சாங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். தப்பாகவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காதில் விழுந்தது அவன் குரல் இல்லை, என் குரல். இதே பேச்சை எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுத் திண்ணையில் நான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இன்றைக்கு இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் புதுச்சேரியில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு நாலு வயது. 1962-ல் சட்டப்படியும் எல்லாம் கைமாறின பிறகுகூட எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. அப்பா தவறினதும் அம்மா பிறந்த ஊருக்கு வந்து ஒண்டினோம். தேர்வு எழுதி வருவாய்த் துறையில் கிளார்க் ஆனேன். ஆபீசில் எனக்கு 'பிரெஞ்சுக்காரர்' என்று பெயர். பட்டாவில் பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று அந்தக் காகிதங்களோடேயே காலம் போயிற்று. அந்தப் படிப்பும் இந்த வேலையும் சேர்ந்து எனக்கு ஒரு குணத்தைக் கொடுத்தன. காகிதத்தில் இல்லாததை நம்ப மாட்டேன். நம்ப முடியாததை யாராவது சொன்னால் உடனே அதற்கு விளக்கம் சொல்லிவிடுவேன்.

1986-ல் எங்கள் மூத்த பையன் காய்ச்சலில் போய்விட்டான். பதினோரு வயது. அதை விரித்து எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் என் மனைவி வீட்டுக் காரியம் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அவன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது மட்டும் பத்துத் தடவை இருக்காது.

காந்திகிராமத்தை ஒட்டிச் செட்டியபட்டியில் 'தம்ம மதுரா' என்று ஒரு விபஸ்ஸனா தியான மையம் இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். காலை நாலு மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். யாரோடும் பேச்சு கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கில் மூச்சு போய் வருவதை மட்டும் கவனிக்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து தலை முதல் கால்வரை உடம்பில் என்னென்ன உணர்ச்சி தோன்றி மறைகிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். கட்டணம் கிடையாது. முடித்துவிட்டு மனமிருந்தால் நன்கொடை தரலாம். இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கோயங்கா. மாண்டலேயில் பிறந்த வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடிப் போனவர், 1969-ல் இங்கே வந்தார். அவருடைய குரு ஊ பா கின் என்பவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், எங்கள் ஜாதி, அதாவது கிளார்க் ஜாதி. ரங்கூனில் கணக்காயர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, 1948-ல் பர்மா விடுதலை அடைந்தபோது அந்த நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். ஆபீசிலேயே சிப்பந்திகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் பார்த்த ஆபீசுகளில் கண்ணை மூடியவர்கள் உண்டு, ஆனால் அது வேறு.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் கூப்பிட, என் மனைவி அந்தப் பத்து நாளுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, திண்ணையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஏழாம் நாள் ராத்திரி உட்கார்ந்திருந்தேன். தூங்கலை, முழிச்சுத்தான் இருந்தேன். பையன் வந்து என் கையைப் பிடிச்சான். ரோடு தாண்டறப்போ பிடிப்பானே, அந்த மாதிரி."

நான் பேப்பரை மடித்து வைத்தேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம். பிறகு விளக்க ஆரம்பித்தேன். உடம்பில் உண்டாகிற ஒரு உணர்ச்சிக்கு மனசு பழைய ஞாபகத்திலிருந்து உருவம் எடுத்துக் கொடுக்கிறது, பத்து நாள் பேச்சில்லாமல் இருந்தால் இது சகஜம், மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் முற்பிறப்பு தெரிந்தது என்று எழுதியிருக்கிறதே அதுவும் இப்படித்தான், ஒரு குறியீடு என்றேன். நன்றாகவே பேசினேன். அவள் கேட்டுக்கொண்டு, "அப்படியா, சரிங்க" என்றாள். காப்பி போட உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மறு வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யா என்றால், இல்லை. இன்றைக்கும் அந்த விளக்கத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் கிடையாது. ஆனாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இத்தனை நாளாக யோசித்து வருகிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு கோப்பை முடிப்பதற்குப் பல முறைகள் உண்டு. முக்கியமில்லாததை 'எல்.டிஸ்.' என்று போட்டு முடித்தால் ஒரு வருஷத்தில் கிழித்துப் போட்டுவிடலாம். படித்தவர்கள் கையில் 'குறியீடு' என்ற சொல் பல சமயம் அந்த எல்.டிஸ். வேலையைத்தான் செய்கிறது. வெள்ளை யானை கனவில் வந்ததா? குறியீடு. பிறந்ததும் ஏழடி நடந்தாரா? குறியீடு. மழையில் நாகராஜன் படமெடுத்துக் குடை பிடித்தானா? அதுவும் குறியீடு. கோப்பு முடிந்தது, அடுத்தது எடு. எதற்குக் குறியீடு, அது தெரிந்ததால் இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இதை எல்லைவரை கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எமில் செனார் என்று ஒரு பெரிய அறிஞர், அசோகன் கல்வெட்டுகளைப் படித்து விளக்கியவர். புத்தர் கதையைப் பற்றி 1875-ல் அவர் ஒரு நூல் எழுதினார். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் ரோமன் ரோலன் நூலகத்தில் உட்காருவேன். அப்படித்தான் அவரைப் படித்தேன். புத்தர் கதை முழுக்க சூரியனின் கதை என்பது அவர் கட்சி. மாயாதேவி விடியற்காலை மூடுபனி, சூரியன் எழுந்ததும் மறைந்துவிடுகிறாள். மாரனோடு நடந்த போர் ஒளிக்கும் இருட்டுக்கும் நடக்கிற போர். தர்மச் சக்கரம் சூரிய வட்டம். புத்தர் என்று ஒருவர் இருந்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்தால் கையில் வெயில்தான் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு மருந்து செனார் பிறப்பதற்கு முன்பே பிரான்சில் தயாராகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ழான் பத்திஸ்த் பெரேஸ் என்று அழான் ஊர் நூலகர் ஒருவர் 1827-ல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். (நான் சொன்ன புதுச்சேரி நூலகம் தொடங்கியதும் அதே 1827-தான்.) நெப்போலியன் என்று ஒரு ஆளே கிடையாது, அது சூரியனைப் பற்றிய கட்டுக்கதை என்று அதில் 'நிரூபித்திருக்கிறார்'. பெயரைப் பாருங்கள், அப்பல்லோ மாதிரி இருக்கிறது. தாயார் பெயர் லெத்தீசியா, அப்பல்லோவின் தாயார் லெத்தோ. சகோதரர்கள் நால்வர், நான்கு பருவங்கள். மார்ஷல்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ராசிகள். கிழக்கே ஒரு தீவில் தோன்றி மேற்கே கடலில் அஸ்தமித்தான். நெப்போலியன் செத்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது! அவனோடு போருக்குப் போய்க் கால் இழந்தவர்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். சாமர்த்தியம் இருந்தால் எதையும் எதற்கும் குறியீடு ஆக்கிவிடலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

செனாருக்குப் பதில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1896-ல் நேபாளத் தராயில் லும்பினியில் அசோகன் தூண் கிடைத்தது. புத்தர் பிறந்த இடம் இது என்று அதில் வெட்டியிருக்கிறது. பட்டம் கட்டி இருபதாம் வருஷம் அசோகன் தானே அங்கே வந்து வணங்கி, அந்தக் கிராமத்துக்கு நிலவரியைக் குறைத்து எட்டில் ஒரு பங்கு என்று வைத்தானாம். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வெள்ளை யானையை நான் நம்பத் தேவையில்லை. வரிக் குறைப்பு உத்தரவை நம்புகிறேன். கற்பனையான ஊருக்கு எவனும் வரி குறைக்க மாட்டான்.

இதனால் எல்லாவற்றையும் அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பிவிட வேண்டும் என்று சொல்ல வருகிறேனா? அதன் விளைவையும் பார்த்தவன் நான். ஒரு அலுவலகத்தில் குஷ்டம் வந்து விரல்கள் போன ஒரு பெரியவர் பென்ஷன் மனுவோடு வந்து நின்றார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கவும் விரல் இல்லை. அவர் போனதும் பக்கத்து மேஜைக்காரர், "போன ஜன்மத்துப் பாவம், நாம என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டு அந்த மனுவைக் கட்டின் அடியில் செருகினார். மறுபிறப்பை அப்படியே நம்பினவர் அவர். அந்த நம்பிக்கை அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

டாக்டர் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் பிடித்தார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், டிசம்பர் 6-ல் காலமானார். அவர் எழுதிய 'புத்தரும் அவர் தம்மமும்' மறு வருஷம் வெளிவந்தது. அதன் முகப்பிலேயே நேரடியாகக் கேட்கிறார். இருபத்தொன்பது வயது ஆண்மகன் அதுவரை ஒரு கிழவனையோ நோயாளியையோ பிணத்தையோ பார்த்ததே இல்லை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது? அந்தக் கதையை எடுத்துவிட்டு, சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரில் வந்த தகராறையும், போர் வேண்டாம் என்று சித்தார்த்தர் நின்றதையும் அந்த இடத்தில் வைத்தார். வைகைத் தண்ணீருக்கும் பெரியாற்றுத் தண்ணீருக்கும் நடக்கிற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். முற்பிறப்பு வினைதான் இப்போதைய ஏழ்மைக்குக் காரணம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. கட்டின் அடியில் மனுவைச் செருகுகிறவனுக்கு அது துணை போகும் என்று அவருக்குத் தெரியும். அவர் கதையை மாற்றியது கோப்பை முடிப்பதற்கு இல்லை, திறப்பதற்கு.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் இதை வேறு வழியில் செய்திருந்தார். 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினவர். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினார். சித்த மருத்துவர் வேறு. நரகாசுரன் கதை சொல்லிக் கொண்டாடுகிற தீபாவளியை எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய பௌத்தர் பண்டிகை என்று எழுதினார். செனார் ஆளை எடுத்துச் சூரியன் ஆக்கினார் என்றால், பண்டிதர் அசுரனை எடுத்து எண்ணெய் ஆக்கினார். அவருடைய பதவுரைகள் எல்லாவற்றையும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஆனால் தீண்டாதே என்று ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்கு இந்த மண்ணில் ஒரு பழைய வீடு இருந்தது என்று காட்டுவதற்காக அவர் செய்தார். அவர் கையில் அது பொழுதுபோக்காக இல்லை.

அதே 1898-ல்தான் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டார். நான் அதை முதலில் படித்தது தமிழில் இல்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். காரைக்காலில் வளர்ந்து பாரீசில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ழூலியன் வென்சோன் 1900-ல் வெளியிட்ட பிரெஞ்சுச் சுருக்கத்தில்தான் படித்தேன். தமிழில் முழுதாகப் படித்தது மனைவி போன பிறகு. திண்ணையில் அவளிடம் எதைக் குறியீடு என்று சொன்னேனோ அதை ஒழுங்காகப் படித்துப் பார்ப்போம் என்று எடுத்தேன்.

படித்தபோது முதலில் பிடிபட்டது அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், இரக்கத்தின் குறியீடு, அவ்வளவுதானே என்று எண்ணியிருந்தேன். கதையில் அப்படி இல்லை. ஆபுத்திரன் மதுரையில், நமக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில், சிந்தாதேவி கோயிலில் அந்தப் பாத்திரத்தைப் பெறுகிறான். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரன் பொறாமைப்பட்டு நாடெங்கும் மழை பெய்ய வைக்கிறான். விளைச்சல் பெருகுகிறது, பசித்தவன் எவனும் இல்லை. பாத்திரத்தை வைத்துக்கொண்டு யாராவது சாப்பிட வருகிறீர்களா என்று ஆள் தேடி அலைகிறான் ஆபுத்திரன், எல்லாரும் சிரிக்கிறார்கள். கப்பலேறிப் போகும்போது ஆளில்லாத மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. பாத்திரம் கையில் இருக்கிறது, சாப்பிடலாம். பலருக்கு என்று வந்ததை வைத்து என் ஒரு வயிற்றை மட்டும் வளர்க்க மாட்டேன் என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். பிறகு மணிமேகலை கைக்கு அது வந்த பிறகும், முதல் பிச்சையை ஆதிரை என்ற பெண் இட்டால்தான் வேலை செய்கிறது. ஒரு மனுஷி தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து போடாமல் தெய்வப் பாத்திரமும் சும்மா கிடக்கும். இதை 'இரக்கத்தின் குறியீடு' என்று ஒரு வார்த்தையில் முடித்தால் ஆபுத்திரனின் பட்டினியும் ஆதிரையின் கையும் எங்கே போகும்?

இன்னொரு இடம், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அரசியின் மகன் உதயகுமாரன் வெட்டுப்பட்டுச் செத்துவிடுகிறான். அதற்கு மணிமேகலைதான் காரணம் என்று அரசி அவளைச் சிறைவைத்து வதைக்கப் பார்க்கிறாள். எதுவும் பலிக்காமல் கடைசியில் மணிமேகலையை வணங்குகிறாள். அப்போது மணிமேகலை ஒரு கேள்வி கேட்கிறாள். நீ அழுதது மகனின் உடம்புக்கா, உயிருக்கா? உடம்புக்கென்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கென்றால் அது எங்கே போய்ப் புகுந்தது என்று அறிவது அரிது, அதன்மேல் அன்பிருந்தால் எல்லா உயிருக்கும் நீ இரங்க வேண்டும். முற்பிறப்பெல்லாம் தெரிந்தவளாகச் சொல்லப்படுகிறவள் 'அறிவது அரிது' என்று பேசுகிறாள் பாருங்கள்!

இந்தப் பேச்சை அப்படியே என் மனைவியிடம் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நாள் யோசித்தேன். மறு நாளே வேண்டாம் என்று தோன்றியது. அதைச் சொல்ல ஒரு தகுதி வேண்டும். கதைப்படி உதயகுமாரன் மணிமேகலைக்கு யாரோ இல்லை, முற்பிறப்பில் கணவன். அவளும் இழந்தவள். இழந்தவள் இழந்தவளிடம் பேசுகிறாள். முற்பிறப்பு உண்டா இல்லையா என்று எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்குள் முற்பிறப்பு என்ன வேலை செய்கிறது என்று நான் அதுவரை பார்க்கவில்லை. அது அவர்கள் இருவரையும் ஒரே இழவு வீட்டில் உட்காரவைக்கிறது. நானும் இழந்தவன்தான், என் மகனும்தான் அவன். ஆனால் அன்றைக்குத் திண்ணையில் நான் இழந்தவனாகப் பேசவில்லை, படித்தவனாகப் பேசினேன்.

அவள் போன மறு வருஷம் நானும் செட்டியபட்டிக்குப் போனேன். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான், பக்தி ஒன்றும் இல்லை. வயசானவர்களுக்கு நாற்காலி கேட்டால் தருவார்கள். வீம்புக்குக் கேட்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல் இருக்கிற உட்காரல் உண்டு, அதிட்டானம் என்பார்கள். ஐந்தாம் நாள் அதில் உட்கார்ந்தேன். அரை மணியில் வலது முழங்காலில் யாரோ துளை போடுவதுபோல் ஆரம்பித்தது. அப்போது ஒரு குரல். அதட்டல் இல்லை, ரொம்ப அன்பான குரல். உனக்கு அறுபத்தொன்பது வயது ஆகிறது, இந்த முட்டியோடு எதற்கு இந்தப் பாடு, எழுந்து போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அது சொன்னது.

வீட்டுக்கு வந்த பிறகு பாலிச் சுத்தங்களின் மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். சுத்த நிபாதத்தில் பதான சுத்தம் என்று ஒன்று. மாரன் வருகிற மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று என்கிறார்கள். அங்கே அவன் யானையோடும் ஈட்டியோடும் வரவில்லை. ஆற்றங்கரையில் மெலிந்து கிடக்கிற சித்தார்த்தரிடம் வந்து பரிவாகப் பேசுகிறான். இளைத்துப்போனாயே, சாகப்போகிறாய், உயிரோடு இருந்தால்தானே புண்ணியம் செய்யலாம் என்கிறான். சித்தார்த்தர் அவன் படையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறார். முதல் படை ஆசை, அடுத்தது சலிப்பு, பிறகு பசி தாகம், வேட்கை, சோம்பல், பயம், சந்தேகம் என்று போகிறது. அதாவது மாரன் மனசுதான் என்று சொல்வதற்கு பெங்களூர் ஆப் தேவையில்லை, அத்தனை பழைய நூலே சொல்லிவிட்டது. ஆனால் அதைத் தெரிந்து வைத்திருந்தும் அந்த நூல் மாரனை ஆளாகவேதான் வைத்திருக்கிறது. அவன் வருகிறான், பேசுகிறான், அடையாளம் தெரிந்துவிட்டதும் முகம் தொங்கிப் போய்விடுகிறான். ஏன் என்று என் முட்டி எனக்குச் சொன்னது. அது என் மனசின் ஒரு நிலைதான் என்று நான் அறிவால் அறிந்திருந்தால் அந்தக் குரலை என்னுடையது என்றே எண்ணி எழுந்து போயிருப்பேன். யாரோ ஒருவன் வந்து பேசுகிறான் என்று பட்டதால்தான் அவனுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடிந்தது. ஐம்பது நிமிஷம்வரை. கடைசிப் பத்து நிமிஷத்தில் காலை நீட்டிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசமரத்தடியில் அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சரி தம்பி, மாரன் கிடையாது. நேத்து அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனையாவது நிமிஷம் எழுந்திரிக்கத் தோணுச்சு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாலாவது நிமிஷம்" என்றான். "எழுந்திரின்னு யாரு சொன்னது?" என்றேன். சிரித்தான். அவன் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார், போய்விட்டான்.

மறுபிறப்பு உண்டா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் இல்லை. என் மகன் எங்கேயோ வேறொரு வீட்டில் பிறந்து, கணக்குப் பார்த்தால் இப்போது நாற்பது வயசை நெருங்கிக்கொண்டிருப்பான் என்று நம்ப முடியவில்லை. செட்டியபட்டியில் பத்து நாளும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஏழாம் நாள் ராத்திரி கூடுதலாகவே காத்திருந்தேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

ஆனால் அவள் திண்ணையில் வந்து உட்கார்ந்து அதைச் சொன்னபோது என்னிடம் விளக்கம் கேட்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. உண்மையா பொய்யா என்றும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள். நான் வேறொன்றும் செய்திருக்க வேண்டாம். எந்தக் கை என்று கேட்டிருக்கலாம். ரோடு தாண்டும்போது அவன் எப்போதும் இடது கையைத்தான் பிடிப்பான்.